உட்காரப் போவது யார்?

முப்பத்தோரு வருஷம் கார் விற்றேன். எனக்குக் கார் கிடையாது. இதைச் சொன்னால், ஏதோ தத்துவம் பேச வருகிறேன் என்று பலர் மரியாதையோடு பார்க்கிறார்கள். விஷயம் அவ்வளவு உயரமில்லை. ஷோரூம் ஜி.எஸ்.டி. ரோட்டில், குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில். வீடு சேலையூரில். ஸ்கூட்டரில் கால் மணி நேரம், காரில் முக்கால் மணி நேரம். இந்தக் கணக்கை எந்த வாடிக்கையாளரிடமும் ஒரு நாளும் நான் சொன்னதில்லை.

போன வருஷம் ஓய்வு பெற்றேன். என்னிடம் ஜூனியராகச் சேர்ந்து, இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் திவ்யா சென்ற மாதம் போன் செய்தாள்.

"சார், புதுசா சேர்ந்தவங்களுக்கு ட்ரெய்னிங் இருக்கு. கஸ்டமர் டேஸ்ட் எப்படியெல்லாம் மாறிச்சுன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்களேன்."

"எதுக்கும்மா? இப்பதான் எல்லாரும் ஒரே வண்டியைக் கேக்கறாங்களே."

"அதான் சார். ஏன் கேக்கறாங்கன்னு எங்களுக்குத் தெரியல."

எனக்கும் தெரியாது. தெரியாத விஷயத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுவது விற்பனைப் பிரிவில் இருந்தவனுக்குப் புதிதில்லை என்பதால் ஒப்புக்கொண்டேன்.

என் பயிற்சிக் காலத்தை ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆறு மாதம் கார் துடைத்தேன், ஆறு மாதம் கதவைத் திறந்து பிடித்தேன், அதன்பின் வாயைத் திறக்க விட்டார்கள். அந்தக் காலத்தில் வாயைத் திறக்க அதிக வேலையும் இல்லை. வருகிறவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "எவ்வளவு குடுக்குது?" பசுமாட்டைப் பற்றிக் கேட்பது மாதிரி. நான் ஒரு எண்ணைச் சொல்வேன். அவர் நம்பாமல், பானெட்டை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். தர்பூசணி வாங்குகிற அதே தட்டல். என்ன சத்தம் வந்தால் நல்ல கார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனாலும் இருவரும் திருப்தியாகத் தலையாட்டிக்கொள்வோம்.

பிறகு டிக்கி காலம் வந்தது. டிக்கி இல்லாத கார் வாலில்லாத குதிரை என்று ஊரே முடிவு செய்தது. அப்புறம், நாலு மீட்டருக்குள் அடங்கினால் வரி குறைவு என்று அரசாங்கம் சொல்ல, கம்பெனிகள் டிக்கியைப் பாதியில் வெட்டி ஒட்டின. பின்னாலிருந்து பார்த்தால் சுவரில் மோதி நின்ற மாதிரி இருக்கும். அதையும் வரிசையில் நின்று வாங்கினோம். அடுத்ததாக அந்தப் பெரிய வெள்ளம். முடிச்சூர்ப் பக்கம் கார்கள் மிதந்ததைப் பார்த்த பிறகு, 'கிரவுண்ட் கிளியரன்ஸ்' என்ற சொல் கீரை விற்கிறவர்களுக்கும் தெரிந்துவிட்டது. உயரமான வண்டி என்றால் போதும், வேறொன்றும் கேட்க மாட்டார்கள். இன்றைக்கு அந்த உயரமான வண்டிக்குக் கூரையில் ஜன்னல் வேண்டும். நாவலூரிலிருந்து வந்த ஒரு தம்பதியிடம், எப்போது திறப்பீர்கள் என்று கடைசி வருஷத்தில் ஆசைக்காகக் கேட்டேன். அந்தப் பெண் கணவனைப் பார்த்தாள். கணவன் யோசித்துவிட்டு, "வெயில் இல்லாதப்ப, மழை இல்லாதப்ப, லாரி முன்னாடி போகாதப்ப" என்றான். அவர்கள் தினம் போகிற ஓ.எம்.ஆர். ரோட்டில் அப்படி ஒரு நேரம் வந்தால் நானும் போய்ப் பார்க்கத் தயார்.

இவ்வளவுதான் மாற்றம். திவ்யாவுக்கு இது போதும். ஆனால் எழுத உட்கார்ந்தபோது எனக்கு மோரி ஞாபகம்தான் வந்தது.

வெள்ளத்துக்கு மறு வருஷம், நாங்கள் விற்ற கார்களைத் தயாரித்த ஜப்பான் கம்பெனி, இந்த ஊர்க்காரர்களுக்கு என்னதான் வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒரு அதிகாரியை அனுப்பியது. அவர்தான் மோரி. ஆறு மாதம் எங்கள் ஷோரூமிலேயே இருந்தார். எனக்கு அவர் மேலதிகாரி. ஐம்பது வயது, ஒல்லி, சட்டைப்பையில் ஒரு இன்ச் டேப். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் கேள்வி கேட்பார். ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால், அந்தப் பதிலின் மேல் இன்னொரு "ஏன்" போடுவார். சீட்டின் பிளாஸ்டிக் உறையை நம்மவர்கள் ஏன் பிரிப்பதில்லை என்று ஆரம்பித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது.

"புதுசா இருக்கட்டும்னுதான் சார்."

"ஏன் புதிதாக இருக்க வேண்டும்?"

"பாக்கறவங்களுக்குத் தெரியணும்."

"ஏன் தெரிய வேண்டும்?"

"வாங்கியிருக்கோம்ல."

"ஆனால் உட்காருகிறவருக்கு வியர்க்குமே."

"வியர்க்கும் சார்."

அதைக் குறித்துக்கொண்டார். அவருடைய நோட்டில் அந்தப் பக்கம் மட்டும் தமிழ்ப் பண்பாட்டுக்கு ஒரு சிறிய நினைவுச் சின்னம்.

அவர் பல நாடுகளில் வேலை பார்த்தவர். ஜெர்மனியில் கதவு சாத்துகிற சத்தத்தைக் கேட்டு வாங்குகிறார்கள், அமெரிக்காவில் கோப்பை வைக்கிற குழிகளை எண்ணி வாங்குகிறார்கள் என்பார். அவர் ஊரில் கார் வாங்குவதற்கு முன்னால், நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸிடம் சான்றிதழ் வாங்க வேண்டுமாம். அதை எங்கள் செக்யூரிட்டி மணிக்கு ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்துச் சொன்னேன். மணி திரும்பி ரோட்டைப் பார்த்தான்.

"அப்போ நம்ம ஊர்ல ஒருத்தனும் வண்டி வாங்க முடியாதே சார். நம்ம ஷோரூம் வண்டியே ரோட்லதானே நின்னுகினு கீது."

மோரியோடு ஒரு காரும் வந்தது. அவர் ஊரில் அமோகமாகப் போகிற ரகம். உயரமாக, சதுரமாக, மூக்கே இல்லாமல் இருக்கும். வயதான பெற்றோரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவர்கள், குழந்தைகளையும் சைக்கிளையும் ஏற்றுகிறவர்கள் எல்லாரும் அங்கே அதைத்தான் வாங்குவார்களாம். இங்கே அது வந்த முதல் நாளே மணி பெயர் வைத்துவிட்டான்: "இன்னா சார் இது, பிரெட் பாக்கெட்டு கணக்கா கீது." வாடிக்கையாளர்கள் அதை 'டப்பா' என்றார்கள். பல்லாவரத்துக்காரர் ஒருவர், "இதுல கல்யாணத்துக்குப் போனா, சாம்பாரை எங்க இறக்கறதுன்னு கேப்பாங்க சார்" என்று சொல்லிவிட்டு, அந்தக் கற்பனையிலேயே அவமானப்பட்டு வெளியேறினார். ஒன்றும் விற்கவில்லை. ஷோரூமின் மூலையில் அதன் பின்சீட்டில் மற்ற கார்களின் பிரசுரங்களை அடுக்கினோம். அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை என்பதால், மோரி அதன் ஓட்டுநர் சீட்டையே தன் ஆபீஸாக்கிக்கொண்டார்.

மோரி ஒரு ஃபார்ம் தயாரித்திருந்தார். இருபத்திரண்டு கட்டங்கள். நிறம், மைலேஜ், முடிவெடுப்பது யார், எல்லாம் உண்டு. கடைசிக் கட்டம்: 'வண்டியில் அதிகமாக உட்காரப் போகிறவர் யார்? வயது? உடல்நிலை?' வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்டு நிரப்ப வேண்டியது என் பொறுப்பு. இருபத்தொரு கட்டம் வரைக்கும் கேட்டேன். இருபத்திரண்டாவதுக்கு வரும்போது டீ வந்துவிடும், அல்லது வாடிக்கையாளரின் மைத்துனர் வந்துவிடுவார். அதனால் நானே 'ஃபேமிலி' என்று எழுதிவிடுவேன். நூற்று நாற்பது ஃபார்மிலும் 'ஃபேமிலி'.

மோரி புரட்டிப் பார்த்தார். "எல்லாருமே ஃபேமிலியா?"

"எங்க ஊர்ல அப்படித்தான் சார்."

நம்பினார். ஒரு ஃபார்மில் எழுதியிருப்பது பொய்யாக இருக்கலாம் என்கிற அடிப்படை அறிவை அவர் ஊர் அவருக்குத் தரவில்லை. அந்த நூற்று நாற்பதை வைத்து, இந்தச் சதுர வண்டி இவ்வூருக்கு ஆகாது, நிறுத்திவிடலாம் என்று அறிக்கை தயாரானது. எழுதியவன் நான். கையெழுத்து அவருடையது.

அறிக்கை போன அதே வாரம்தான் வசந்தா டீச்சர் கார் எடுத்தார்.

வசந்தா டீச்சர் மேற்குத் தாம்பரம். பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் கோதண்டம் சார் ரயில்வேயில் கார்டாக இருந்தவர். பச்சைக் கொடி காட்டிவிட்டு, நகர்கிற ரயிலில் தாவி ஏறுகிற உத்தியோகம். அவருக்குப் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. வாரம் இரண்டு முறை குரோம்பேட்டையில் பிசியோதெரபி. ஒவ்வொரு தடவையும் இரண்டு பேர் அவரை அலாக்காகத் தூக்கி ஆட்டோவில் வைக்க வேண்டும். அதற்காகவே டீச்சர் அறுபது வயதுக்கு மேல் டிரைவிங் கற்று லைசென்ஸ் வாங்கியிருந்தார். ஷோரூமுக்கு வந்ததும் ஒரே வாக்கியம்தான் சொன்னார்.

"எனக்கு ஓட்ட வரும் சார். அவர் தானா ஏறி உக்காரணும். தூக்கினா அவருக்குப் பிடிக்கலை. அவ்வளவுதான்."

இதைவிடத் தெளிவாக இருபத்திரண்டாவது கட்டத்தை யாரும் நிரப்பித் தந்ததில்லை. ஆனால் அந்த நேரம் அமெரிக்காவிலிருந்து அவர் மகன் கார்த்திக் வீடியோ காலில் வந்தான். வாங்கித் தருவது அவன். அவன் ஊரில் எல்லாரும் லாரி அளவுக்கு வண்டி வைத்திருக்கிறார்கள். நாற்பது நிமிஷம் பேசினான். ஏர்பேக், வெள்ளம், உயரம், மறுபடியும் வெள்ளம். எங்களிடம் இருந்ததிலேயே பெரிய வண்டியைத்தான் எடுக்க வேண்டும் என்றான். நான் அதை வழிமொழிந்தேன். டீச்சர் ஒரு கட்டத்தில் பேசுவதை நிறுத்திவிட்டார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அது என் தொழில்.

டெஸ்ட் டிரைவுக்கு வண்டியை அவர்கள் வீட்டுக்கே கொண்டுபோனேன். நம்ம பக்கத்து டெஸ்ட் டிரைவ் உங்களுக்குத் தெரியும். அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் ஓட்டினார். எதிர்வீட்டுக்காரர் பின்சீட்டில் குதித்துப் பார்த்தார். இரண்டாம் மாடி அம்மாள் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி ஏற்றி, கீழே நின்றவர்களுக்குக் கையசைத்தார். பால்காரர் கூட உட்கார்ந்தார். கோதண்டம் சார் மட்டும் முதல் மாடி பால்கனியில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லிஃப்ட் ரிப்பேர். அவரை இறக்கி ஒரு தடவை ஏத்திப் பாத்துடலாமா சார்?" என்றார் டீச்சர்.

"எதுக்கு டீச்சர் சிரமம்? டெலிவரி அன்னிக்குப் பாத்துக்கலாம். சார் சுலபமா ஏறிடுவார்."

பால்கனியைப் பார்த்துக் கையசைத்தேன். அவரும் அசைத்தார். ஷோரூமுக்குத் திரும்பி, இருபத்திரண்டாவது கட்டத்தில் 'ஃபேமிலி' என்று எழுதினேன்.

டெலிவரி அன்று நல்ல நேரம் பத்தரையிலிருந்து பதினொன்றரை வரை. வண்டிக்கு மாலை, சந்தனம், நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். பிள்ளையார் கோவில் ஐயர் தீபாராதனை காட்டினார். அட்டையில் செய்த ஆளுயரச் சாவியோடு போட்டோகிராஃபர் தயார். கார்த்திக் டேப்லெட்டில் இருந்தான், டேப்லெட் என் கையில் இருந்தது. கோதண்டம் சார் வெள்ளைச் சட்டை, வேட்டி, கைத்தடியோடு நின்றார்.

"ஏறுங்க சார்" என்றேன்.

இடது பக்கக் கதவு. வலது காலை உள்ளே வைக்க வேண்டுமென்றால், உடம்பு முழுவதும் இடது காலில் நிற்க வேண்டும். அதுதான் போன கால். அவர் மேல் பிடியைப் பற்றினார். வலது குதிகாலைத் தரையிலிருந்து ஒரு விரல் அளவு எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார், வைத்தார். யாரோ டீ போடுகிற அறையிலிருந்து பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டு வந்தார்கள். அது டைல்ஸில் நழுவியது. எங்கள் பையன்கள் இரண்டு பேர் கையை மடித்துக்கொண்டு நெருங்கினார்கள்.

"தூக்காதீங்க" என்றார்.

"சார், அப்படியே இருங்க. இங்க பாத்து ஒரு ஸ்மைல்" என்றார் போட்டோகிராஃபர்.

கோதண்டம் சார் திரும்பி என்னைப் பார்த்தார். "முப்பது வருஷம் ஓடற வண்டியில ஏறினவன்யா நான். நிக்கிற வண்டியில ஏற முடியல."

ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சர் வண்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். எனக்கு வேறெங்கும் பார்க்க இடமில்லாமல், டேப்லெட்டில் கார்த்திக்கைப் பார்த்தேன். அவன், "நெட்வொர்க் மாட்டிக்கிச்சா? யாரும் அசையக் காணோமே" என்றான்.

கோதண்டம் சார் பிடியை விட்டார். தடியை ஊன்றி நடக்க ஆரம்பித்தார். உட்கார நாற்காலி தேடுகிறார் என்று நினைத்தேன். மூலையில் அந்தச் சதுர வண்டி நின்றது. மோரி உள்ளே ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். காற்றுக்காக இந்தப் பக்கக் கதவு திறந்திருந்தது. கோதண்டம் சார் அதற்கு முதுகைக் காட்டி நின்று, பின்பக்கமாக, வீட்டு நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார். வலது காலை உள்ளே இழுத்தார். வேட்டியோடு சேர்த்து இடது காலைக் கையால் எடுத்து உள்ளே வைத்தார். கதவைத் தானே சாத்திக்கொண்டார்.

மோரி தலை குனிந்து வணங்கினார்.

"ஏசி போடுங்க" என்றார் கோதண்டம் சார்.

டேப்லெட்தான் பேசியது. "அம்மா, அப்பா எந்த வண்டியில உக்காந்திருக்கார்? அந்த டப்பாவுலயா?"

டீச்சர் டேப்லெட்டை என் கையிலிருந்து வாங்கினார். "கார்த்தி, வெள்ளம் எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை வரும்?"

"அது சொல்ல முடியாதும்மா."

"பிசியோதெரபி வாரத்துக்கு ரெண்டு தடவை வரும். அதைச் சொல்ல முடியும்." அவனைத் திருப்பி என்னிடமே கொடுத்துவிட்டார்.

அதற்குள் மோரி ஒரு கோப்போடு இறங்கி வந்தார். டீச்சருடைய ஃபார்மை எடுத்து, கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார். பிறகு மூலையில் ஏசியை அனுபவித்துக்கொண்டிருந்தவரைக் காட்டினார்.

"ஃபேமிலி," என்று கேட்டார், "இவரா?"

குரலில் கோபம் துளியும் இல்லை. அதனால்தான் அது கோபம் என்று எனக்குத் தெரிந்தது.

டீச்சர் கண்ணாடியைப் போட்டு ஃபார்மை மேலிருந்து கீழ்வரை படித்தார். "ஸ்டெப்ஸ் இல்லாம விடையை மட்டும் எழுதியிருக்கீங்க சார். பின்னாடி யாரைப் பாத்து எழுதினீங்க?" கைப்பையிலிருந்து பேனா எடுத்தார். சிவப்பு மை. ஓய்வு பெற்ற பிறகும் அவரிடம் அதுதான் இருந்தது. 'ஃபேமிலி'யை அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதினார்: 'கோதண்டம். 67. இடது கால்.'

நல்ல நேரத்தில் எட்டு நிமிஷம் மிச்சமிருந்தது. மணி மாலையைக் கழற்றி இந்த வண்டிக்குப் போட்டான். எலுமிச்சம்பழங்களை இடம் மாற்றினோம். தீபாராதனை இன்னொரு தடவை செல்லுமா என்று ஐயரிடம் கேட்டேன். "நாலு சக்கரம் இருக்கோல்லியோ? பிள்ளையாருக்கு அது போறும்" என்றார். பேப்பர் தயாராகாத வண்டி ரோட்டுக்குப் போகக் கூடாது என்பதால், ஷோரூம் கதவைத் திறந்துவிட்டு, வாசலிலேயே பத்தடி முன்னும் பத்தடி பின்னும் டீச்சர் ஓட்டினார். பழங்கள் நசுங்கின. கோதண்டம் சார் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, இல்லாத ஒரு பச்சைக் கொடியை அசைத்தார். போட்டோகிராஃபர் அப்போது கேமராவுக்கு மூடியைப் போட்டுவிட்டிருந்தார்.

பெரிய வண்டி டீச்சர் பெயரில் தற்காலிகப் பதிவாகியிருந்தது. அதை ரத்து செய்ய மூன்று ஆபீஸுக்கு இரண்டு வாரம் நடந்தேன். எங்கள் ரத்துப் படிவத்தில் காரணத்துக்கு நாலு வாய்ப்புகள் இருந்தன: உற்பத்திக் குறை, நிற மாற்றம், வாங்கியவர் மறைவு, இதர. 'உட்காருகிறவரைக் கேட்கவில்லை' என்று ஒன்று இல்லை. 'இதர'வில் டிக் அடித்தேன். முதலாளி கூப்பிட்டு, "பெரிய வண்டி எடுக்க வந்தவங்களுக்குச் சின்ன வண்டி வித்த முதல் சேல்ஸ்மேன் நீதான்யா" என்றார். அந்த வருஷ விழாவில் எனக்குக் கேடயம் இல்லை.

மோரி என்னை வேறு விதமாகத் தண்டித்தார். நூற்று நாற்பது பேருக்கும் போன் செய்து கடைசிக் கட்டத்தை மறுபடி நிரப்பச் சொன்னார். எத்தனை மாமியார்கள், எத்தனை முழங்கால்கள், எத்தனை கர்ப்பிணிகள் என்று அப்போதுதான் தெரிந்தது. புது அறிக்கையைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினோம். அங்கிருந்து ஒரு வரி வந்தது: மக்கள் சொல்வதைப் பார்க்க வேண்டாம், வாங்குவதைப் பாருங்கள். ஆறு மாதத்தில் சதுர வண்டி நின்றுபோனது. மோரி இன்ச் டேப்பை எனக்குக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார்.

அந்த டேப் இப்போது எனக்குப் பயன்படுகிறது. போன மழைக்காலத்தில் என் இடது முழங்காலில் ஏதோ தேய்ந்துவிட்டது என்று டாக்டர் படம் காட்டினார். ஸ்கூட்டர் கூடாது. ஆக, முப்பத்தோரு வருஷத்துக்குப் பிறகு நான் வாடிக்கையாளராக எங்கள் ஷோரூமுக்கே போனேன். என் மகள் பெங்களூரிலிருந்து வீடியோ காலில் இருந்தாள். கூரையில் ஜன்னல் வேண்டும் என்றாள். திவ்யா டேப்லெட்டில் தட்டிக்கொண்டே வந்தாள். ஃபார்ம் இப்போது அதில்தான். கடைசிக் கேள்விக்கு வந்ததும் அவள் நிமிரவே இல்லை. விரல் தானாகப் போனது. அங்கே 'ஃபேமிலி' ஏற்கெனவே நிரப்பப்பட்டிருந்தது. ஆறு வண்டியின் சீட் உயரத்தை மோரியின் டேப்பால் அளந்து, ஏறியும் பார்த்தேன். ஏறினேன் என்பது மரியாதைக்கு.

வீட்டுக்கு வந்து வசந்தா டீச்சருக்குப் போன் செய்தேன்.

"டீச்சர், அந்தச் சதுர வண்டி இன்னும் இருக்கா?"

"இருக்கே. சனிக்கிழமையானா சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் போறோம். இவர் பக்கத்துல உக்காந்துண்டு சிக்னல் சொல்லிண்டே வரார்."

"எப்பவாவது குடுக்கறதா இருந்தா எனக்குச் சொல்லுங்க."

"அதுக்கு ஏற்கெனவே நாலு பேர் வரிசையில இருக்கா. முதல் ஆள் கார்த்தி. அங்க பெரிய வண்டியில ஏறி இறங்கி இடுப்பு போயிடுத்தாம், ஊருக்கே வந்துடறேங்கறான்." பிறகு கேட்டார். "சரி, உங்க வீட்ல யார் உக்காரப் போறது?"

"ஃபேமிலிதான் டீச்சர்" என்றேன்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே கேட்டது. மறுமுனையில், விடைத்தாள் திருத்த உட்காருகிறவர் மாதிரி, பேனா மூடியைத் திறக்கிற சத்தம் வந்தது.

"நான்தான் டீச்சர். சம்பத். வயசு அறுபது. இடது முழங்கால்."

"ம். இப்ப சரி" என்றார். "அஞ்சாவதா எழுதிக்கறேன்."